உங்கள் ஊர்ப் பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கொண்டுபோவது எப்படி: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் குடியிருப்போர் சங்கங்களும் பயணிகள் சங்கங்களும் எம்.பி.க்குக் கொடுக்கும் மனுக்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலும் "ஆவன செய்ய வேண்டும்" என்று முடியும். எம்.பி. அதை வாங்கிக்கொள்வார், அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதுவார், "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு பதில் கடிதம் வரும். அதோடு சரி. அதே விஷயத்தைக் கேள்வியாக எழுதிக் கொடுத்து, அது அன்றைய பட்டியலில் இடம்பிடித்தால், குறித்த தேதியில் அமைச்சர் பெயரில் பதிலை அவையில் வைத்தே ஆக வேண்டும். அந்தப் பதில் பொய்யாக இருந்தால் அது உரிமை மீறல் வரை போகலாம் என்பதால், அதிகாரிகள் மனுவைவிடக் கேள்விக்கு மிகக் கவனமாக எழுதுவார்கள்.

கேட்பது எம்.பி.தான், நீங்கள் அல்ல. ஆனால் நல்ல வரைவு ஒன்று கையில் கிடைத்தால் பல எம்.பி. அலுவலகங்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் கூட்டத்தொடர் நெருங்கும்போது நாள்தோறும் கேள்வி எழுத வேண்டிய வேலை அவர்களுக்கு இருக்கிறது.

1. இது யார் கையில் இருக்கும் விஷயம் என்று முதலில் பாருங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான் பாதிக்கு மேற்பட்ட வரைவுகள் வீணாகின்றன. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைப் பற்றிய கேள்வியை மக்களவைச் செயலகம் ஏற்காது. ஏற்றாலும் "இது மாநிலப் பட்டியலில் உள்ளது" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.

ரயில், தேசிய நெடுஞ்சாலை, விமான நிலையம், மத்திய நிதியில் நடக்கும் திட்டங்கள் என்றால் நாடாளுமன்றம். மாவட்ட அரசு மருத்துவமனை, உள்ளூர்ச் சாலை, அரசுப் பேருந்து, காவல்துறை, மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் என்றால் எம்.எல்.ஏ.விடம் போங்கள், சட்டப்பேரவையிலும் கேள்விக்கு வழி உண்டு. தெருவிளக்கு, சாக்கடை என்றால் இரண்டும் வேண்டாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளே போதும்.

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது: வேலை மாநிலத்துடையது, பணத்தில் ஒரு பங்கு மத்திய அரசுடையது. வேலூர் மாநகராட்சியின் ஸ்மார்ட் சிட்டி வேலைகள் அப்படிப்பட்டவை. அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. "இந்தத் தெருவை ஏன் தோண்டி அப்படியே விட்டார்கள்" என்று டெல்லியில் கேட்டால் பதில் வராது. மத்திய அரசு எவ்வளவு விடுவித்தது, பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தைச் செலவழித்ததற்கு மாநிலம் அனுப்பும் சான்று) எவ்வளவுக்கு வந்தது, முடியாமல் நிற்கும் பணிகள் எவை என்று கேட்டால் வரும்.

2. யாரிடம் கொடுப்பது

காட்பாடிக்காரர்கள் பலர் வேலூர் எம்.பி. வீட்டுக்குப் போய் நிற்பார்கள். காட்பாடி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, ராணிப்பேட்டையும் ஆற்காடும் அப்படியே. ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதி. வேலூர் தொகுதி என்பது வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர்.

எந்த எம்.பி.யும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனாலும் சொந்தத் தொகுதிக்காரர் கேட்டால்தான் பதில் வந்த பிறகும் விடாமல் தொடர்வார். உங்கள் எம்.பி. அமைச்சராகவோ சபாநாயகராகவோ இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியாது. அப்போது பக்கத்துத் தொகுதிக்காரரிடமோ தமிழ்நாட்டிலிருந்து போன 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் ஒருவரிடமோ போங்கள்.

ஒரே வரைவை இரண்டு மூன்று எம்.பி.க்களிடம் கொடுப்பதில் தப்பில்லை. ஒரே விஷயம் பற்றி ஒரே நாளுக்கு வரும் கேள்விகளைச் சேர்த்து எல்லார் பெயரையும் போடுவது வழக்கம், கேள்விகளின் வரிசையை முடிவு செய்யும் குலுக்கலில் வாய்ப்பும் கூடும். மூவரிடமும் கொடுத்திருக்கிறோம் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

3. ஏற்கனவே வந்த பதிலைத் தேடுங்கள்

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் பழைய கேள்விகளும் பதில்களும் கிடைக்கும். அமைச்சகம், உறுப்பினர் பெயர், சொல் என்று எதை வைத்தும் தேடலாம். இதைச் செய்ய இரண்டு காரணங்கள். ஏற்கனவே பதில் சொன்ன கேள்வியையே திருப்பிக் கேட்டால் நிராகரிக்க விதி இருக்கிறது. அதைவிட முக்கியம், பழைய பதிலில் ஒரு தேதியோ தொகையோ இருந்தால் உங்கள் கேள்வி அங்கிருந்து தொடங்கலாம்.

தேடும்போது ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். திருப்பத்தூரை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரும் குறுக்கே வரும்.

4. சரியான அமைச்சகத்தைப் பிடியுங்கள்

ஒரு பிரச்சினைக்கு ஒரு அமைச்சகம் என்று நினைக்காதீர்கள். பாலாற்றுப் பக்கத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரையே எடுத்துக்கொள்வோம். ஆற்றுநீரின் தரம், மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடு என்றால் சுற்றுச்சூழல் அமைச்சகம். நிலத்தடி நீர் என்றால் ஜல்சக்தி, ஏனென்றால் மத்திய நிலத்தடி நீர் வாரியம் அங்கே இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் உள்ளவை போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்துவதற்கான உதவிப் பணம் வேறொரு இடத்திலிருந்து வருகிறது: காலணி மற்றும் தோல் மேம்பாட்டுத் திட்டம் வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. 2026 மார்ச் வரை அதற்கு ஒதுக்கீடு 1,700 கோடி ரூபாய்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கான பணத்தைப் பற்றிச் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் கேட்டால் கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படலாம், இல்லையென்றால் "இந்த அமைச்சகத்தில் அப்படி ஒரு திட்டம் இல்லை" என்று வரும். இரண்டிலும் நாள் போகும். பிரச்சினையை மூன்றாகப் பிரித்து மூன்று அமைச்சகங்களுக்கு மூன்று கேள்வியாகப் போடுவது நல்லது.

5. தேதிக் கணக்கு

மக்களவையில் அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள் என்று வைத்திருக்கிறார்கள். ஆக ஒரு அமைச்சகத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்னால் இந்த அட்டவணை வெளியாகும்.

கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் நாளும் கணக்கில் சேராது. 20-ஆம் தேதி பதில் வர வேண்டும் என்றால் 4-ஆம் தேதிக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: கூட்டத்தொடர் ஆரம்பித்து, டி.வி.யில் அமளியைப் பார்த்த பிறகு வரைவை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். சின்னக் கூட்டத்தொடர் என்றால் அதற்குள் நோட்டீஸ் காலமே முடிந்திருக்கும். கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே வரைவு எம்.பி. அலுவலகத்தில் இருக்கட்டும்.

ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ்தான் தரலாம். ஒரு நாள் பட்டியலில் வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துபூர்வப் பதிலுக்கு 230. வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். அதனால் ஒரு வாரம் வரவில்லை என்றால் அடுத்த வாரத்துக்கும் அதே வரைவைத் தயாராக வைத்திருங்கள்.

வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் குறியிட்ட கேள்வியில் துணைக் கேள்வி கேட்கலாம் என்பதால் சிலர் அதுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான், 20 கேள்விகளும் முடிவது அபூர்வம், அமளி என்றால் ஒன்றுகூட வராது. எண்களும் தேதிகளும் வேண்டும் என்றால் நட்சத்திரக் குறியிடாத கேள்விதான் என் தேர்வு. அவை ஒத்திவைக்கப்பட்டாலும் அந்தப் பதில் பெரும்பாலும் மேசைக்கு வந்துவிடும்.

6. கேள்வியை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில், நம்மவர்கள் வழக்கமாக எழுதும் மாதிரி ஒன்று:

"காட்பாடி–திருப்பதி ரயில் பாதையில் பயணிகள் படும் சொல்லொணா அவதியை அரசு அறியுமா; அறிந்திருப்பின் தமிழ்நாட்டைத் தொடர்ந்து வஞ்சிப்பது ஏன்; இரட்டைப் பாதைப் பணியை விரைந்து முடிக்க அரசு ஆவன செய்யுமா?"

மேடையில் பேச இது நன்றாக இருக்கும். கேள்வியாக மூன்று துண்டும் தேறாது. "சொல்லொணா அவதி" என்பது வாதம், "வஞ்சிப்பது" என்பது குற்றச்சாட்டு, மக்களவை நடைமுறை விதி 41 இரண்டையும் தடுக்கிறது. "ஆவன செய்யுமா" என்பதற்கு "ரயில்வே பணிகள் தொடர்ச்சியான நடைமுறை" என்று ஒரு பத்தி வரும், அதில் ஒரு தேதிகூட இருக்காது.

அதே விஷயம் இப்படி இருக்கலாம். திருப்பதி–பாகாலா–காட்பாடி இரட்டைப் பாதைக்கு 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 104 கிலோமீட்டர், சுமார் 1,332 கோடி ரூபாய். இவை தெரிந்த தகவல்கள், இவற்றைக் கேட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு மேலே கேளுங்கள்:

"ரயில்வே அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) திருப்பதி–பாகாலா–காட்பாடி இரட்டைப் பாதைத் திட்டத்துக்கு ஒப்புதலுக்குப் பின் ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், நிதியாண்டு வாரியாக;
(ஆ) தமிழ்நாட்டு எல்லைக்குள் கையகப்படுத்த வேண்டிய நிலத்தின் பரப்பு, இதுவரை கையகப்படுத்தியது, மீதி;
(இ) மண் வேலை, பாலங்கள், தண்டவாளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம் வழங்கிய தேதி, வழங்கப்படாதவற்றுக்குக் காரணம்;
(ஈ) பணி முடிய நிர்ணயித்த தேதி, அது மாற்றப்பட்டிருந்தால் முந்தைய தேதியும் மாற்றியதற்கான காரணமும்?"

ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்பதைக் கவனியுங்கள். "வேலூர் விமான நிலையம் செயல்படத் தொடங்கிவிட்டதா, ஆம் எனில் விவரம் என்ன, பயணிகள் எண்ணிக்கை எவ்வளவு" என்று சங்கிலியாகக் கோத்தால், முதல் துண்டுக்கு "இல்லை" என்று போட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் "கேள்வி எழவில்லை" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். அதிகாரிக்கு அதைவிட வசதியான கேள்வி கிடையாது. அப்துல்லாபுரம் ஓடுதளத்துக்கு இதுவரை செலவான தொகை, உரிமம் பெறுவதில் பாக்கியுள்ள நிபந்தனைகள், ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று தனித்தனியாகக் கேட்டால் "எழவில்லை" என்று தப்பிக்க இடமில்லை.

அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய ஒரு பள்ளம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இப்போது "வேலூர் மாவட்டத்தில்" என்று மட்டும் கேட்டால் சின்ன வேலூரின் கணக்குதான் வரும், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் விட்டுப்போகும். பழைய ஆண்டுகளின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏதோ பாதியாகக் குறைந்துவிட்ட மாதிரி ஒரு தோற்றமும் வரும். அதனால் "வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், மாவட்ட வாரியாக" என்று மூன்று பெயரையும் எழுதுங்கள். வடாற்காடு என்று பேச்சில் சொல்லலாம், கேள்வியில் வேண்டாம்.

நீதிமன்றத்தில் இருக்கும் விஷயங்களில் இன்னும் கவனம் தேவை. தோல் பதனிடும் ஆலைகளின் மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் தீர்ப்பு சொன்னது, ஆனால் நிறைவேற்றத்தைத் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது. "எந்த ஆலை குற்றவாளி, இழப்பீடு போதுமா" என்கிற மாதிரிக் கேள்வி, விசாரணையில் உள்ளது என்ற காரணத்தில் விழும். குறிப்பிட்ட இடங்களில் கடைசியாக நீர் மாதிரி எடுத்த தேதி, அதில் வந்த குரோமியம் அளவு, மத்திய உதவியாக விடுவித்த தொகை ஆகியவற்றைக் கேட்டால் அது வெறும் தகவல், அனுமதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். ராணிப்பேட்டை சிப்காட் குரோமியக் கழிவுக் குவியலைப் பற்றிக் கேட்பவர்களும் இதே வழியில் போகலாம்.

150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. எம்.பி. அலுவலகத்துக்கு ஆங்கில வரைவையும் சேர்த்துக் கொடுத்து, அதிலேயே சொற்களை எண்ணிவிடுங்கள். தமிழில் சுருக்கமாக நிற்பது ஆங்கிலத்தில் நீண்டுவிடும். நான்கு துண்டு போதும், ஐந்தாவது பெரும்பாலும் ஆசைக்காகச் சேர்ப்பது. காலத்தை மூன்று நிதியாண்டுக்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் "தகவல் திரட்டப்படுகிறது" என்று வர நீங்களே வழி செய்கிறீர்கள்.

7. எம்.பி. அலுவலகத்தில் கொடுக்கும்போது

எம்.பி.யின் உதவியாளர்தான் இங்கே முக்கியமானவர். சால்வை, போட்டோ எல்லாம் உங்கள் விருப்பம், ஆனால் வரைவை அவர் கையில், திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். நோட்டீஸ் இணையதளம் வழியாகப் போகிறது, அவர் மறுபடி டைப் செய்ய வேண்டியிருந்தால் உங்கள் கேள்வி வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

மேலே அமைச்சகத்தின் பெயர், கேட்க வேண்டிய தேதி, கடைசி நோட்டீஸ் தேதி மூன்றும் இருக்கட்டும். கூடவே அரைப் பக்கக் குறிப்பு: எதற்காக இந்தக் கேள்வி, முந்தைய பதில் எது. சங்கத்தின் லெட்டர்பேடில் கேள்வியை எழுதாதீர்கள். கேள்வி உறுப்பினருடையது, அவர் சொற்களை மாற்றினால் மாற்றட்டும். எண்கள் கேட்கும் துண்டை வெட்டிவிடாமல் இருக்கிறாரா என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பதிலைப் படிக்கும் முறை

பதில் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் "அமைச்சர் உறுதி" என்று போட்டுவிடாதீர்கள். ஒரு தாளில் உங்கள் நான்கு துண்டுகளையும் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் பதிலில் அதற்குரிய வரியை எழுதுங்கள். "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்து எழுதிய பதிலில் ஏதாவது ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், பெரும்பாலும் அது தேதி கேட்ட துண்டு. இப்படி எழுதிப் பார்க்காமல் கண்ணில் படாது.

பணத்தில் மூன்று சொற்களைப் பிரித்துப் பாருங்கள்: அனுமதித்தது, விடுவித்தது, செலவானது. அனுமதித்த தொகை எப்போதும் பெரிதாக இருக்கும், செய்தித்தாளில் அதுதான் தலைப்பாக வரும். செலவான தொகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த கேள்வி அதுதான்.

"மாநில அரசு தெரிவித்த தகவலின்படி" என்று ஆரம்பித்தால் அதற்கு அமைச்சகம் தன்னளவில் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். அதே தகவலை மாநிலத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒப்பிடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும், கட்டணம் பத்து ரூபாய். "மத்திய அளவில் இத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை" என்று வந்தால் கேள்வியின் அளவுகோலை மாற்றுங்கள்: அந்தத் திட்டத்துக்கு மாநிலம் அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ் மத்திய அரசிடம் இருக்கத்தான் செய்யும்.

9. பதில் வந்த பிறகு

முதல் பதிலில் முழு விவரமும் கிடைத்ததாக நான் அதிகம் பார்த்ததில்லை. அமைச்சரை உண்மையில் மடக்குவது இரண்டாவது கேள்விதான், ஏனென்றால் அதில் அவருடைய முந்தைய பதிலின் எண்ணையும் தேதியையும் போட்டு, "அதில் குறிப்பிட்ட இலக்குத் தேதி நிறைவேறியதா, இல்லையெனில் ஏன்" என்று கேட்கலாம். முதல் பதிலோடு சங்கங்கள் நிறுத்திவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய இழப்பு.

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்" போன்ற வாசகங்கள் உறுதிமொழியாகக் கணக்கில் சேரும். அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை, மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கிறது. அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்கும், சில சமயம் உறுதிமொழியையே கைவிடக் கோரும். மூன்று மாதம் முடிந்த வாரத்தில் எம்.பி.க்கு நினைவூட்டி, குழுவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். சட்டப்பேரவையிலும் இதே பெயரில் ஒரு குழு இருக்கிறது, மாவட்டங்களுக்கு நேரில் ஆய்வுக்கும் வரும். வேலூருக்கு வரும் தேதி செய்தியில் வந்தால், எம்.எல்.ஏ. கேட்ட கேள்வியின் பதில் நகலோடு போய் நில்லுங்கள்.

பதில் தெளிவில்லாமல், விஷயமும் பொது முக்கியத்துவம் உள்ளதாக இருந்தால் விதி 55-இன் கீழ் அரைமணி நேர விவாதம் கேட்க உறுப்பினருக்கு வழி உண்டு, கிடைப்பது கடினம். பதிலில் தகவல் தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் சபாநாயகரின் நெறிமுறை 115-இன் கீழ் உறுப்பினர் எழுதலாம். இதற்கு வெறும் சந்தேகம் போதாது, தகவல் அறியும் உரிமையில் வாங்கிய தாள் மாதிரி ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பதிலின் பி.டி.எஃப்.பைச் சங்கத்துக்காரர் ஒருவரின் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கேள்வி எண், தேதி, அமைச்சகம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே போட்டுப் பொது இடத்தில் சேமியுங்கள். அடுத்த தேர்தலில் எம்.பி. மாறினால் புதியவரின் உதவியாளரிடம் அந்தக் கோப்பையும் இரண்டாவது கேள்விக்கான வரைவையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.